உடையாத மண்தட்டு

விஸ்வலிங்கத்தாருக்கு சிவதர்சினியைக் கண்ணில் காட்டக்கூடாது. வானத்தில் வீசும் மண்தட்டைத் துவக்கால் சுட்டு உடைக்கிற விளையாட்டுக்கான கரம்பொன் தட்டுச்சுடும் கழகத்தின் தலைவர் அவர். அவளோ, வேலிக் கதியாலை அயல் காணிக்குள் ஒரு முழம் தள்ளி நட்டார் என்று அவரைப் பதினொரு வருடம் வழக்குக்கு இழுத்தவரின் மகள். அவளுடைய விண்ணப்பத்தை இரண்டு தரம் திருப்பி அனுப்பினார். மூன்றாம் தரம் சாட்டுக் கிடைக்காததால், பத்துத் தட்டில் ஐந்தை உடைத்தால்தான் சேரலாம் என்று புதுச்சட்டம் போட்டார்.

அவளுக்கோ இந்தக் கழகம் வேண்டும். சண்டைக் காலத்தில் பிறந்த உடம்பு அது. கோயில் வெடிச் சத்தத்துக்கும் மேசைக்குக் கீழே குனியும். போன மாதம் பயிற்சிநாளில் துவக்கைத் தோளில் வைத்துத் தானே விசையை இழுத்தபோதுதான் முதன்முதலாக அது குனியவில்லை. அதை இனி விட்டுக்கொடுக்க அவள் தயாராயில்லை.

கப்பலில் வரவேண்டிய தட்டுகள் வரவில்லை. விஸ்வலிங்கத்தார் கோயிலுக்கு விளக்குச் சிட்டி செய்கிற குயவரிடமே மண்தட்டு செய்வித்திருந்தார். கறிச்சட்டி வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்டதை மட்டும் எடுத்தார். துவக்கின் ஈயச் சன்னம் பட்டதும் நொறுங்கவேண்டிய சாமான் இது என்பது அந்தப் பெரிய மண்டைக்குள் ஏறவேயில்லை.

ஞாயிறு காலை எறிபொறி தட்டுகளை வீச, அவள் சுட்டாள். இரண்டாவது தட்டு வானத்தில் துள்ளியது. ஆனால் முழுசாய் விழுந்தது. நான்காவதும் அப்படித்தான். பத்தும் முடிந்தபோது செயலாளர் நிமலன் கொப்பியில் பூச்சியம் என்று எழுதினான்.

"குசினிக்குப் போய்ச் சமையும் பிள்ளை," என்றார் விஸ்வலிங்கத்தார். "துவக்கு உமக்குச் சரிவராது."

அவள் தட்டுகள் விழுந்த பற்றைக்குள் இறங்கினாள். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. முள்ளுக் கீறக் கீறப் பத்துத் தட்டையும் பொறுக்கி வந்து அவர் முன்னால் மேசையில் வைத்தாள். ஆறில் ஈயம் பட்ட கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

"ஆறிலை சன்னம் பட்டிருக்கு. பாருங்கோ."

"பட்டால் மட்டும் காணாது. உடையவேணும்."

அவள் ஒரு தட்டைத் தூக்கிச் சீமெந்துத் தரையில் போட்டாள். அது உருண்டு போய்ச் சும்மா கிடந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு விஸ்வலிங்கத்தாருக்குச் சுட்டுவிட்டது.

"நான் உடைச்சுக் காட்டுறன்!"

துவக்கை எடுத்து ஐந்து வெடி வைத்தார். ஐந்து தட்டும் முழுசாய் வந்து விழுந்தன.

"இண்டைக்குத் தட்டு பிழை. என்ரையை எழுதாதை," என்று நிமலனிடம் உறுமினார்.

"அப்ப அவவின்ரை, அண்ணை?"

"அது எழுதியாச்சு."

சிவதர்சினிக்குக் கோபத்தில் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள்.

"வேலி வழக்குக்காரன்ரை மகளைச் சேர்க்கமாட்டன் எண்டு எழுதுங்கோ, நான் போறன். சுடத் தெரியாதவள் எண்டு மட்டும் எழுதாதேங்கோ!"

நிமலன் பூச்சியத்தை வெட்டி, ஆறு என்று எழுதினான்.

"அப்ப கழகத்தை நீங்களே நடத்துங்கோ!" என்று கத்திக்கொண்டு விஸ்வலிங்கத்தார் வெளியே போகப் படலைப் பக்கம் நடந்தார். மறிக்க ஒருத்தரும் எழும்பவில்லை.