நேர்க்கோட்டுக் கரை ஏரி

எங்கள் ட்ரை கல்ச் ஊரில் தங்கம் தீர்ந்து நூறு வருஷமாகிவிட்டது. பெருமை மட்டும் தோண்டத் தோண்ட வந்துகொண்டிருக்கிறது. கலிபோர்னியாவின் இந்த மலையடிவாரத்தில் எந்த மதுக்கடைக்குப் போனாலும் சுவரில் பழைய நில வரைபடம் தொங்கும். என் கடையிலும் உண்டு. அதைப் படிக்கத் தெரிந்தவர் குறைவு. அதன் சட்டம் என்ன மரத்தில் செய்தது என்று மட்டும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

வரலாற்றுச் சங்கத் தலைவர் வெண்டல் ட்ரெம்பாத் 1901ஆம் வருஷத்து வரைபடத்தில், மூடிப்போன சுரங்கத்துக்குக் கீழே, நீலத் திட்டு ஒன்றைக் கண்டுவிட்டார். "எங்க கொள்ளுத்தாத்தா படகு விட்ட ஏரி!" என்று தழுதழுத்தார். இன்று அங்கே புல்கூட முளைக்காத சாம்பல் நிறத் திடல்தான் இருக்கிறது. அதைத் தோண்டி, ஓடையைத் திருப்பி, ஏரியை மீட்பது பற்றிப் பேசச் சங்கம் என் கடையில் கூடியது.

சங்க உறுப்பினர் ஓபல் க்ளீவ்ஸின் வீட்டுக் கிணறு அந்தத் திடலுக்கு நேர் கீழே, சரிவில். அவள் 1888ஆம் வருஷத்து வரைபடத்தை மேஜையில் விரித்தாள்.

"இதுல ஏரியே இல்ல, பாருங்க. தங்கம் பிரிக்கிற ஆலை வந்த அப்புறம்தான் வருது. அதுவும் ஒரு கரை நேர்க்கோடா. கடவுள் என்ன அளவுகோல் வெச்சா ஏரி போட்டாரு? அது ஆலைச் சகதியைத் தேக்கின குட்டை, வெண்டல். அத்தனையும் பாஷாணம். தோண்டினா என் கிணத்துக்குத்தான் இறங்கும்."

"வரைஞ்சவன் அவசரத்துல நேரா இழுத்துட்டான், ஓபல்."

"அப்போ உங்க கொள்ளுத்தாத்தா அந்தக் கூழுலதான் படகு விட்டாரா?"

சிரித்தது நான் மட்டும்தான். பீர் ஊற்றுகிறவனுக்கு ஓட்டு கிடையாது. அவளைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள்.

ஏரியைத் தோண்டி முடித்தார்கள். திறப்பு விழாவுக்கு வெண்டல் கொள்ளுத்தாத்தாவின் தொப்பியில் வந்தார். தகரத் தட்டில் சகதியை அள்ளி, தங்கம் அலசுகிற பாவனையில் ஆட்டினார். வழக்கம்போல் முன்கூட்டியே வாங்கிப் போட்டிருந்த பொன்துகள் மினுங்கியது. வழக்கம்போல் கூட்டம் கைதட்டியது. பற்பசை மாதிரி வழிந்த சாம்பல் கூழ் அவர் முழங்கைவரை அப்பிக்கொண்டது. அழுகிய முட்டை நாற்றம். அதே கையால் எல்லோருக்கும் கை கொடுத்தார். அவர்களும் குலுக்கிவிட்டு, வரிசையில் நின்று வறுத்த கோழி தின்றார்கள்.

முதல் பெருமழையில் ஏரிக் கரை சரிந்தது. சில நாள் கழித்து ஓபல் கடைக்குள் வந்து, வெண்டலின் முன்னால் ஒரு கண்ணாடித் தம்ளரை வைத்தாள். அடியில் சாம்பல் வண்டல்.

"என் கிணத்துத் தண்ணி. உங்க ஏரி வீடு தேடி வந்துடுச்சு. குடிங்க."

வெண்டல் தம்ளரை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

இப்போது அந்தத் தம்ளர் சங்கத்தின் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. "எங்கள் ஏரியின் நீர். நன்கொடை: ஓபல் க்ளீவ்ஸ். தயவுசெய்து தொடாதீர்கள்."

ஓபலுக்குக் குடிக்கவும் குளிக்கவும் பக்கத்து ஊரிலிருந்து லாரியில் தண்ணீர் வருகிறது.