சலுகைக்கு உரிய பிள்ளைகள்: இரண்டு

என் மகளின் விலை ஆண்டுக்குப் பதினெட்டாயிரம். நான் வைத்த விலை இல்லை, வருமான வரி அலுவலகம் வைத்தது. துணையின்றிப் பிள்ளை வளர்ப்பவருக்குப் பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு வரிச் சலுகை என்று படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் என் வாயில் வந்த முதல் சொல், "இவ்வளவுதானா?"

பழக்கம் அப்படி. எங்கள் வீட்டுக்குள் பேரம் பேசாமல் ஒரு தீப்பெட்டி நுழைந்ததில்லை. அப்பாவுக்கு சைக்கிள் உதிரிபாகக் கடை, சித்தப்பாவுக்குத் துணி, மாமாவுக்குப் பழைய இரும்பு. டாக்டர் ஏழு நாள் மருந்து எழுதினால் "அஞ்சு நாள்ல முடிச்சுக்கலாமே" என்று கேட்கிற பரம்பரை. எங்களுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான்: வேண்டியதைப் போல இரண்டு மடங்கு கேட்க வேண்டும். எதிரில் இருப்பவர் பாதியாக வெட்டுவார். இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

ஜெராக்ஸ் கடை வாசலில் நாற்காலி போட்டுப் படிவம் நிரப்புகிறவரை எல்லாரும் ஃபைல் அண்ணன் என்பார்கள். அவர் எதிரே நானும், என் மடியில் என் ஏழு வயது மகளும். அவள் அம்மா இறந்து நான்கு வருடம். வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி.

"ரீஃபண்டுன்னா கவர்மெண்ட் குடுக்கிற பரிசுன்னு நெனச்சீங்களா? உங்க காசுதான்" என்றார் அவர். "நீங்க வேலை பாக்கற செருப்புக் கடையில மாசாமாசம் சம்பளத்துல வரி பிடிக்கிறாங்கல்ல? நாப்பதாயிரம் பிடிச்சிருக்காங்க. நீங்க தனியாளா பிள்ளை வளக்கறது முதலாளிக்குத் தெரியாது, அதனால அதிகமா பிடிச்சிட்டாங்க. அதைத் திருப்பிக் கேக்கறோம். அவ்வளவுதான்."

"கேட்டா அப்படியே குடுத்துருவாங்களா?"

"ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் குடுப்பாங்க. வெட்டறதும் உண்டு."

வெட்டுவார்கள். அது போதாதா எனக்கு? "அப்போ ரெண்டு பிள்ளைன்னு போடுங்கண்ணே. ஒண்ணை வெட்டுனா நமக்கு வேண்டிய ஒண்ணு நிக்கும்."

ஃபைல் அண்ணன் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இது கத்திரிக்காய் வியாபாரம் இல்லீங்க."

"நீங்க போடுங்க. கையெழுத்து என்னது."

இரண்டாம் பிள்ளையின் பெயர்க் கட்டத்தில் 'பாப்பா' என்று எழுதினார். பிறந்த தேதி கேட்டார். ஸ்கூட்டர் வாங்கிய தேதியைச் சொன்னேன். அதன்படி பாப்பாவுக்கு ஐந்து வயது. மகள் மடியிலிருந்து எட்டி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் வரி அலுவலகத்து ஆய்வாளர் அம்மா கையில் டேப்லெட்டோடு வீட்டு வாசலில் நின்றார். சொல்ல வேண்டிய வசனத்தைத் தயாராக வைத்திருந்தேன். "மேடம், அதுல ஒரு சின்னத் தப்பு..." என்று தொடங்குவதற்குள் என்னைத் தாண்டி உள்ளறை வாசலுக்குப் போய்விட்டார். ஒரு போட்டோ எடுத்தார்.

"பெரியவ வாய் ஓயல" என்று சிரித்தார். "சின்னவ பரவாயில்ல, ஒரு வார்த்தை பேசாம எப்படி உக்காந்திருக்கு பாருங்க! சரி, ரெண்டு பேர். முடிஞ்சது."

அவர் செருப்பு மாட்டும் சத்தம் அடங்கிய பிறகு எட்டிப் பார்த்தேன். உள்ளறையில் மகள் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தாள். தாயக்கட்டம் விரித்திருந்தது. சிவப்புக் காய்கள் அவள் பக்கம். எதிர்ப்பக்கம் மஞ்சள், அதுதான் முந்திப் போய்க்கொண்டிருந்தது.

"யாரு கூடக் கண்ணு விளையாடுற?"

"என்னப்பா கேக்கற? நீதானே எழுதிக் குடுத்தே?"

ஒன்பதாம் நாள் முப்பத்தாறாயிரம் வங்கிக்கு வந்தது. ஒரு பைசா வெட்டவில்லை. என் வாழ்க்கையில் கேட்ட விலை அப்படியே கிடைத்தது அதுதான் முதல் தடவை. அன்று காலை குளியலறையிலிருந்து கூடம் வரை ஈரக்கால் தடம் இருந்தது. பதினாறு வருடமாகப் பிள்ளைகளின் காலை அளந்து செருப்பு விற்கிறவன் நான், எனக்கு அடிக்கோல் வேண்டாம். மகளுக்குப் பன்னிரண்டாம் நம்பர். தரையில் இருந்தது பத்து.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த வாரம் பள்ளியிலிருந்து டீச்சர் போன் செய்தார். "நாலு நாளா உங்க பொண்ணு வரலையே, உடம்பு சரியில்லையா?"

தினமும் வகுப்பு வாசல் வரை கொண்டுபோய் விட்டவன் நான்.

"பேரு கூப்பிட்டப்ப சத்தமாத்தான்பா சொன்னேன்" என்று மகள் அழுதாள். "டீச்சருக்குக் கேக்கல." அவள் கன்னத்தைத் துடைத்தேன். கையில் ஈரம் பட்டது, கன்னம் பட்டதா என்று சந்தேகமாக இருந்தது.

மறுநாள் வரி அலுவலகத்தில் ஆறாம் நம்பர் ஜன்னல் முன் நின்றேன். உள்ளே இருந்த குமாஸ்தா பேனா மூடியைக் கடித்தபடி கேட்டார்: "குறைக்கணுமா? தாராளமா. காசைத் திருப்பிக் கட்டிருங்க. ரெண்டுல எதை எடுக்கட்டும்?"

"இல்லாததை எடுங்க சார்."

"ரெண்டுமே இருக்கே." திரையை என் பக்கம் திருப்பினார்.

எங்கள் வீட்டு அறை. தாயக்கட்டம். மஞ்சள் காய்களுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், சம்மணமிட்டு, நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு. ஒவ்வொரு இமைமுடியும் தெரிந்தது. முகவாய் என் மனைவியினுடையது. எதிரே சிவப்புக் காய்களின் பக்கம், ஈரத் துணியால் துடைத்தது போல ஒரு தீற்றல். அதில் என் மகளின் பச்சை ரிப்பன் மட்டும் அடையாளம்.

"ஒண்ணை எடுக்கச் சொன்னா சிஸ்டம் முகம் தெளிவா இல்லாததைத்தான் எடுக்கும்" என்றார் குமாஸ்தா.

"சார், அதுதான் என் மகள்!"

"இதுவும் உங்க மகள்தானே? கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

வெட்டச் சொல்லிக் கேட்டவன் நான். வெட்ட வந்துவிட்டார்கள். "வேண்டாம் சார். ரெண்டும் இருக்கட்டும்."

"அப்போ மாசக் கடைசிக்குள்ள பெரியவளோட தெளிவான போட்டோ ஒண்ணு. சின்னவளுக்கு செலவு பண்ணின ரசீது, பள்ளிக்கூட ஃபீஸ் உட்பட. வரலைன்னா பெரியவ பதிவு தானா அழிஞ்சிரும். வருஷா வருஷம் இப்படித்தான்."

அவர் சொன்ன நிபந்தனையில் ஒரு எழுத்துகூடக் குறைத்துக் கேட்கவில்லை. என் அப்பா பார்த்திருந்தால் என்னைப் பிள்ளையே இல்லை என்றிருப்பார்.

ஸ்டூடியோவில் மகளை மட்டும்தான் ஸ்டூலில் உட்கார வைத்தேன். போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து அதட்டினார்: "சின்னக் குட்டி எவ்வளவு சமத்தா நிக்குது! பெரியவளே, ஆடாதம்மா."

"நான் ஆடலப்பா" என்றாள் மகள். ஆடவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆறு படம் எடுத்தார். ஆறிலும் ஸ்டூலின் மேல் மங்கல், அதன் பக்கத்தில் சிரிக்காத தெளிவான முகம். ஏழாவதுக்கு முன் நான் ஸ்டூல் அருகே மண்டியிட்டேன். பக்கத்திலிருந்த வெற்றிடத்தைப் பார்த்து, வாழ்க்கையில் யாரிடமும் பேசாத குரலில் சொன்னேன்: "பாப்பா, உனக்கும் அப்பாதான். செருப்பு வாங்கித் தரேன். ஸ்கூல்ல சேக்கறேன். அக்காவைக் கொஞ்சம் விடு."

"பேசினது போதுங்க, நகருங்க" என்றார் போட்டோக்காரர். பொத்தானை அழுத்தினார்.

ஏழாவது படத்தையும் சின்னவளின் ரசீதுகளையும் ஆறாம் ஜன்னலில் கொடுத்தேன். குமாஸ்தா முத்திரை குத்தினார். மறுநாள் டீச்சர் கூப்பிட்டு, பெரியவள் வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கிறாள் என்று புகார் சொன்னார். அன்று மாலை கணக்கு நோட்டைத் திறந்தேன்.

வரவு, வரி திரும்பியது: 36,000. செலவு: வாடகை பாக்கி 22,000. ஃபைல் அண்ணன் 1,500. போட்டோ ஏழுக்கு 1,400. சின்னவளுக்குச் செருப்பு, பத்தாம் நம்பர், 900. அவளுக்குத் தட்டு, தலையணை, துண்டு 1,200. அவள் பள்ளிக் கட்டணம், முதல் தவணை, 9,000. மீதி ஒன்றுமில்லை.

ஏழு படத்தில் தெளிவாக விழுந்த முகம்: சின்னவள் ஏழு, பெரியவள் ஒன்று.