சூலக்காரி வெள்ளி

வீரமுத்து ராஜா கட்சி. அவன் மனைவி புஷ்பவள்ளி ஆத்தா கட்சி. ஜொகூர் தம்போயில், நிலத்துக்காரர் ஹாஜியின் லாலாங் புல்வெளி ஓரம், அத்தாப்பு ஓலை வேய்ந்த மாட்டுக்கொட்டகையை ஒட்டிய ஓர் அறையில், அவர்களுடைய இருபது வருஷக் குடித்தனம் இந்த ஒரு வழக்கோடுதான் நடந்தது. மற்ற புருஷன் பெண்டாட்டிகள் குழம்பில் உப்பில்லை என்று சண்டை போடுவார்கள். இவர்கள் எந்தக் காசைச் சேர்த்து வைப்பது என்று சண்டை போட்டார்கள்.

ஜொகூரில் ஒரு டாலரை ஒரு வெள்ளி என்றுதான் சொல்வார்கள். அது மெய்யாகவே வெள்ளியில் அடித்து வந்த காலம் அது. வீரமுத்து சேர்த்தது வெள்ளைக்கார ராஜா தலை போட்ட வெள்ளி. எந்தக் கடையில் நீட்டினாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். புஷ்பவள்ளி சேர்த்தது அதற்கும் முந்திய பழைய காசு. அதில் ஒரு பெண் கடற்கரையில் நின்றுகொண்டிருப்பாள். ஒரு கையில் சூலம், மறு கையில் கேடயம். அவளுக்குப் பின்னால் தூரத்தில் பாய் விரித்த கப்பல் ஒன்று. திருப்பினால் சீன எழுத்தும் மலாய்க்காரரின் ஜாவி எழுத்தும் இருக்கும். சூலம் பிடித்தவள் யார் என்று புஷ்பவள்ளிக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. முதல் காசைப் பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நம்மளாட்டமே கப்பலேறி வந்திருக்கா பாருங்க. வந்து மலாய்க்காரன், சீனன் நடுவுல தைரியமா நிக்கிறா."

"அதான் கடைக்காரன் அவள உள்ள விடமாட்டேங்கிறான்" என்பான் வீரமுத்து.

அது உண்மைதான். அந்தக் காசு கடைகளில் செல்லாமல் போய் வருஷம் பல ஆகியிருந்தது. ஆனால் புஷ்பவள்ளி கடைக்காக அதைச் சேர்க்கவில்லையே. பால் விற்றதில் மிச்சம் பிடித்து ஒரு ராஜா சேர்ந்ததும், அதை முந்தானையில் முடிந்துகொண்டு ஜொகூர் பாருவில் ஒரு சீனரின் வெள்ளிக்கடைக்கு நடப்பாள். ராஜாவைக் கொடுத்து ஆத்தாளை வாங்கி வருவாள். அதிலும் எடுத்த எடுப்பில் எதையும் வாங்கிவிட மாட்டாள். ஒவ்வொன்றாகக் கல்லில் தட்டிக் காதருகே பிடிப்பாள். சூலத்தின் மூன்று முனையும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பழைய வியாபாரிகள் உளியால் முத்திரை குத்திய காசாக இருந்தால், "ஆத்தா மேல காயம்" என்று தள்ளிவிடுவாள். கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு இன்னொரு தட்டை எடுத்து வைப்பார். மாப்பிள்ளை பார்ப்பதற்குக்கூட இத்தனை சோதனை கிடையாது என்று வீரமுத்து சொல்வான். தன்னை யாரும் தட்டிப் பார்க்காமல் விட்டதில் அவனுக்கு உள்ளூர நிம்மதி.

இதற்கிடையில் அவனுடைய ராஜா வரவர இளைத்தார். முதலில் ஆத்தா அளவுக்குப் பெரிதாக இருந்தவர், பிறகு ஒரு சுற்றுச் சிறுத்தார். ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து வந்த காசில் இன்னும் சிறுத்து, பாதிதான் வெள்ளி, மீதி கலப்பு என்று பேச்சாகிவிட்டது.

"ஒங்க ராஜாவுக்கு என்னாங்க சீக்கு? எங்க ஆத்தா அன்னிக்கு வந்த மேனிக்கே இருக்கா."

"இளைச்சாலும் ராஜா ராஜாதாண்டி. இவரக் குடுத்தா அரிசி வரும். ஒன் ஆத்தாவக் குடுத்தா கும்பிட்டுட்டுத் திருப்பிக் குடுப்பான்."

சண்டை முடிந்த அந்த வருஷத்தில் வெள்ளி விலை திடீரென்று கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறியது. தரகன் ஒருவன் வீடு தேடி வந்து, ஓர் ஆத்தாளுக்கு இரண்டு வெள்ளி நோட்டுத் தருகிறேன் என்றான். வீரமுத்துவுக்குக் கை கால் ஓடவில்லை. புஷ்பவள்ளி தரகனுக்கு ஒரு குவளை மோர் கொடுத்து, "அம்மன விக்கிறதில்லீங்க" என்று அனுப்பிவைத்தாள். அடுத்த வருஷமே விலை பொத்தென்று விழுந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் வீரமுத்துவுக்கு வயிறு எரியும். என்ன செய்வது, அவள் கறந்த பால், அவள் காசு.

ஆனால் வெள்ளிக்கிழமைகளை அவன் வெறுத்தான் என்று சொன்னால் அது பொய். அன்று காலைக் கறவை முடிந்ததும் அவள் காசு சேர்க்கும் பானையைக் கவிழ்த்து, காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, கொட்டகை வாசலில் பாய் விரித்து வெயிலில் வரிசையாக வைப்பாள். வெயில் காசுகளில் பட்டு, அத்தாப்புக் கூரையின் உட்புறமெல்லாம் வெளிச்ச வட்டங்களாகப் போய் ஒட்டிக்கொள்ளும். காற்றில் பாய் அசைந்தால் அத்தனை வட்டமும் கூட்டமாக நீந்தும். மாடுகள் அசைபோடும் சத்தம், பாலும் சாணமும் கலந்த வாசனை, தலைக்கு மேல் அந்த வெளிச்சம். கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடக்கும் வீரமுத்துவுக்குக் கண் சொருகும். தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று தெரியாத அந்த நேரத்தில் கட்டில் மெல்ல ஆடத் தொடங்கும். அவன் காசுக்குள் இருக்கும் கப்பலில் இருப்பான். பாய்கள் மேலே புடைத்து நிற்கும். கரையில் சூலத்தோடு ஒருத்தி நிற்பது தெரியும். கப்பல் அவளை நோக்கிப் போகிறதா, அவளை விட்டுப் போகிறதா என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. அதற்குள் ஏதாவதொரு மாடு கத்தி எழுப்பிவிடும்.

"புஷ்பம், அந்தக் கப்பல் வருதா, போவுதா?"

"வருது. இப்பத்தான் ஆத்தாள எறக்கி விட்டிருக்கு."

"போடி இவளே. பாய் விரிச்சிருக்கான் பாரு. ஊருக்குக் கெளம்பிட்டான்."

இந்த வழக்கும் இருபது வருஷமாகத் தீரவில்லை.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. ஸ்கூடாய்ப் பக்கத் தோட்டத்தில் வீரமுத்து ஓட்டிக்கொண்டிருந்த மாட்டுவண்டிக்கு வேலை இல்லை என்று கங்காணி சொல்லிவிட்டார். பால் வாங்கிய துரை வீடுகள் பூட்டிக்கிடந்தன. அரசாங்கம் ஓசியில் கப்பலேற்றி அனுப்புகிறது என்றதும் தோட்டம் தோட்டமாக ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். வீரமுத்துவும் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். அவன் இடுப்பு வாரில் நூறுக்குக் குறையாத ராஜாக்கள் இருந்தார்கள். ஊரில், முசிறிப் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

புஷ்பவள்ளி பெயர் கொடுக்கவில்லை.

"அங்க போனா நா பண்ணையாள் மவ. வாசல்ல நின்னு கூப்புடணும். இங்க பால்கார புஷ்பவள்ளி. பெரிய கிராணி வீட்டுலகூட வாங்கன்னுதான் கூப்புடுறாங்க. நா எதுக்குங்க போவணும்?"

அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவனால் மறுக்க முடியவில்லை. அதனால் கோபம்தான் வந்தது.

அந்த வாரமே ஹாஜி வந்தார். நல்ல மனிதர், அவருக்கும் காலம் சரியில்லை. கொட்டகையும் அதைச் சுற்றிய புல் நிலமும் நூறு வெள்ளி, மாசக் கடைசிக்குள் கொடுத்தால் உனக்கு, இல்லாவிட்டால் அன்னாசி போட ஒரு சீன முதலாளி, தவுக்கே, கேட்கிறான், அவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். நிலம் கைமாறினால் மூன்று மாட்டையும் ஓட்டிக்கொண்டு போய் நிற்க அவளுக்கு இடமில்லை. புஷ்பவள்ளி முகத்தில் பயமே இல்லை. பானையில் நூறுக்கு மேல் ஆத்தா இருக்கிறாளே. ஒரு ராஜா கொடுத்து வாங்கியதால் ஓர் ஆத்தா ஒரு ராஜாவுக்குச் சமம் என்றே அவள் இத்தனை காலமும் எண்ணியிருந்தாள்; மாடு நிற்கும் மண்ணுக்காக ஆத்தாளைக் கொடுப்பது அவளுக்கு விற்பதாகவும் தோன்றவில்லை.

பத்திரம் எழுத அம்பிகைபாகனிடம் போனார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நில அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர், காலையில் அவள் பாலில்தான் காப்பி குடிப்பவர். அவள் நீட்டிய காசை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொல்லத் தயங்கினார் என்பது நன்றாகத் தெரிந்தது.

"பிள்ளை, இது அம்மன் இல்லை. வெள்ளைக்காரன் தன்ர நாட்டைப் பொம்பிளையாக் கீறி வச்சிருக்கிறான். அது கிடக்கட்டும். இந்தக் காசு இஞ்ச செல்லாது. வெள்ளியா நிறுத்துத்தான் விக்க வேணும். இப்ப வெள்ளி கிடக்கிற கிடையில ஒண்டுக்கு நாப்பது சதம் தந்தாலே பெரிய காரியம்."

புஷ்பவள்ளி காசை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "அவங்க நாடும் பொம்பளதானுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

வீடு வரும்வரை காசை மூடிய கையை அவள் திறக்கவில்லை. இருபது வருஷமாக வீரமுத்து காத்திருந்த வேளை அது. பார்த்தியாடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரவில்லை. இடுப்பில் ராஜாக்கள் கனத்தார்கள். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காக அவன் தன்னையே வெறுத்தான், ஆனாலும் முசிறி நிலத்தை விட மனசில்லை.

கப்பல் நாளன்று அவள் விடியலிலேயே எழுந்து கட்டுச்சோறு கட்டினாள். பானையில் கைவிட்டுத் துழாவி, சூலம் தேயாத ஒரு காசை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டாள்.

"நா தனியா இருந்துக்குவேன். நீங்க தனியா இருக்க மாட்டீங்க. இவள வச்சுக்குங்க."

"ஹாஜி தொரத்தினா?"

"தொரத்துறப்ப பாத்துக்கலாம். போங்க, ரயிலு போயிரும்."

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரே கூட்டம். மூட்டைகளும் தகரப்பெட்டிகளும் அழுகிற பிள்ளைகளுமாக வரிசை கப்பலை நோக்கி நகர்ந்தது. நடுவில் காசு மாற்றும் மரைக்காயர் ஒருவர் தராசோடு உட்கார்ந்திருந்தார். ராஜாவைக் கொடுத்தவர்களுக்கு எண்ணி ரூபாய் கொடுத்தார். அந்த ரூபாயிலும் அதே ராஜாதான். அதைப் பார்க்க வீரமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. மரைக்காயர் பக்கத்தில் ஒரு பிரம்புக்கூடை இருந்தது. எட்டிப் பார்த்தவனுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

கூடை நிறைய ஆத்தாக்கள்.

கழுத்தில் கட்டிக்கொள்ள வளையம் வைத்தவை, மஞ்சள் ஒட்டியவை, குங்குமம் காய்ந்தவை. தன் பெண்டாட்டி ஒருத்திக்குத்தான் இந்தப் பைத்தியம் என்று அவன் நினைத்திருந்தான். எத்தனை தோட்டத்தில் எத்தனை பேர் இவளைக் கும்பிட்டிருக்கிறார்கள்! அவனுக்கு முன்னால் நின்ற ஒரு பெண் கழுத்துக் கயிற்றை அறுத்து, ஒரு காசைக் கண்ணில் ஒற்றிக் கூடையில் போட்டாள். அது மற்றவற்றின் மேல் விழுந்த சத்தம் நல்ல சுத்தமான சத்தம். புஷ்பவள்ளி கல்லில் தட்டிக் காதருகே பிடிக்கும் அதே சத்தம்.

"அண்ணே, அதையும் கூடையில போடுங்க, நிறுத்து ரூபாய் தர்றேன். அங்க செல்லாது" என்றார் மரைக்காயர், அவன் கையைப் பார்த்து. அப்போதுதான் தன் கையில் காசு இருப்பதே அவனுக்குத் தெரிந்தது.

அவன் காசைப் பார்த்தான், நிமிர்ந்து கப்பலைப் பார்த்தான். கட்டில் ஆடுவது போல் தரை லேசாக ஆடியது. அந்த வெள்ளிக்கிழமைத் தூக்கம் பட்டப்பகலில் நின்ற இடத்திலேயே வந்துவிட்டது. ஏறியவர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். காசில் இருப்பவள் கரையில் நின்றாள். வருஷக்கணக்காக அவன் கப்பலையே பார்த்திருக்கிறான், கரையில் நிற்கிறவள் யாரென்று பார்த்ததே இல்லை. எவ்வளவு முட்டாள் என்று தோன்றியது.

"போடுறீங்களா இல்லையாண்ணே? பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

"அம்மன விக்கிறதில்லீங்க" என்றான் வீரமுத்து. வரிசையைவிட்டு விலகி வெளியே நடந்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவன் தம்போய் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. வரும் வழியில் ஹாஜி வீட்டில் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. இடுப்பு லேசாக இருந்ததால் நடை வேகமாகவே இருந்தது. கொட்டகை வாசலில் பாய் விரித்திருந்தது. புஷ்பவள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு, சாணம் அள்ளும் முள்கரண்டியை ஊன்றி நின்று மாடுகளோடு பேசிக்கொண்டிருந்தாள். பாயில் ஆத்தாக்கள் வரிசையாக இருந்தார்கள். முதல் வரிசையில் மட்டும் ஓர் இடம் காலியாக விட்டிருந்தது.

அவன் குனிந்து தன் காசை அதில் வைத்தான். கூரையில் ஒரு வட்டம் கூடியது.

அவள் கூரையைத்தான் முதலில் பார்த்தாள். திரும்பவில்லை.

"கப்பல் போயிருச்சா?"

"போயிருச்சு."

"ராஜாவெல்லாம்?"

"ஹாஜி வீட்டுக்குக் குடிபோயிட்டாங்க. நாளைக்குக் கிராணி பத்திரம் எழுதுறாராம். ஒம் பேருலதான்."

முள்கரண்டி கீழே விழுந்தது. ஹாஜி கெடு வைத்தபோது அழாதவள், கிராணி சொன்னபோது அழாதவள், அவனை வழியனுப்பியபோதும் அழாதவள், இப்போது முகத்தை மாட்டின் கழுத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வீரமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கயிற்றுக் கட்டிலில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டான். வெளிச்ச வட்டங்கள் தலைக்கு மேல் நீந்தின.

வெள்ளி விலை பிற்பாடு ஏறியதா என்று கேட்கிறவர்கள் கேட்பார்கள். ஏறவும் செய்தது, இறங்கவும் செய்தது. அதைப் பானையிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை.

"புஷ்பம்" என்றான் அவன், கண் சொருகும் நேரத்தில். "நீ சொன்னதும் சரி, நா சொன்னதும் சரி. அந்தக் கப்பல் வந்து எறக்கிவிட்டுட்டுத்தான் போவுது."

அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "ஒருத்தர எறக்க இருவது வருஷமா?" என்று கேட்டாள். பிறகு பால் செம்பை எடுத்துக்கொண்டு கிராணி வீட்டுக்குப் புறப்பட்டாள்.