மழையில் விட்டுப்போன வரிகள்

முதலில் ஆளைச் சொல்லிவிட வேண்டும். போலீஸ் இலாகாவில் சுருக்கெழுத்துக்காரர். வயது நாற்பத்திரண்டு. காக்கிச் சட்டை கிடையாது, தொப்பி கிடையாது, லத்தி கிடையாது. சர்க்கார் அவருக்குக் கொடுத்திருந்த ஆயுதம் மூன்று பென்சிலும் ஒரு நோட்டும்தான். ஊரில் எங்கே அரசியல் கூட்டம் நடந்தாலும் மேடைக்கு நேர் கீழே ஒரு சின்ன மேஜை, மேஜைமேல் ஓர் அரிக்கேன் விளக்கு, விளக்குக்குப் பின்னால் அவர். மேடையில் இருப்பவர் வாயிலிருந்து விழுவதையெல்லாம் கொக்கியும் கோடுமாகப் பிடித்துக்கொள்வார். மறுநாள் காலை பத்து மணிக்குள் அதை மனிதர்கள் படிக்கிற எழுத்தில் எழுதி இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்தாக வேண்டும். ராஜத்துரோகம் எங்கெங்கே இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் சிவப்பு மையால் கோடு போடுவார். கோடு அதிகமானால் பேசியவர் உள்ளே போவார். குறைந்தால் வீட்டுக்குப் போவார்.

ஊரார் அவரைப் பென்சில் என்றார்கள். முகத்துக்கு நேரே சொல்லும்போது மட்டும் ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வார்கள்.

அவர் அதிகமாக எழுதியது சைக்கிள்கடைக்காரர் பேச்சைத்தான். மார்க்கெட் முனையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர், கட்சியில் சேர்ந்து, பேச ஆரம்பித்து, மாவட்டத்துக்கே பெரிய பேச்சாளர் ஆகிவிட்டார். அவரிடம் ஒரே ஒரு கோளாறு. ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார்; பாதியில் வேறொன்று ஞாபகம் வரும்; முதல் வாக்கியம் நடுத்தெருவில் நிற்கும், இவர் அடுத்த தெருவில் போய்க்கொண்டிருப்பார். பென்சில் நறுவிசான மனிதர். வால் இல்லாத வாக்கியத்தைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. இங்கே ஓர் 'ஆகும்', அங்கே ஓர் 'இல்லையா' என்று ஒட்டவைத்துத்தான் நகல் எடுப்பார். சைக்கிள்கடையின் கட்சிக்காரர்கள்கூட அவர் பேசும்போது பாதியில் எழுந்து காபி குடிக்கப் போவதுண்டு. எட்டு வருஷமாக ஒரு சொல் விடாமல் அந்தப் பேச்சைக் கேட்டவர் பூமியில் ஒருவர்தான்.

சைக்கிள்கடைக்கும் அது தெரியும். "என்ன பென்சில் சார், முனை ஒடிஞ்சுபோச்சா? சீவிக்கோங்க, நான் நிக்கிறேன்" என்று மேடையிலிருந்து குனிந்து சொல்வார். ஆயிரம் பேர் சிரிப்பார்கள். பென்சிலும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். உத்தியோகத்தில் இருக்கிறவர் வேறு எப்படிச் சிரிப்பது?

தப்பு நடந்தது தேர்தலுக்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு மழைநாளில்.

அன்று மாலை மார்க்கெட் மைதானத்தில் கூட்டம். காலையில் வீட்டிலேயே ஒரு கூட்டம் நடந்து முடிந்திருந்தது. பேசியவர் மனைவி, கேட்டவர் பென்சில்.

"பெரியாஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா உண்டா? அந்த மீசைக்காரக் கம்பவுண்டர், 'உனக்கு என்னம்மா?'ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்துறான். பின்னாடி அம்பது பேரு நிக்கிறாங்க. வயித்து வலின்னு சொல்ல வெக்கமாயிருந்துச்சு, தலைவலின்னு சொல்லிட்டேன். தலைவலி மருந்து குடுத்துட்டான். இப்போ ரெண்டும் வலிக்குது. முப்பது நாளுக்குள்ள ஒரு டாக்டரம்மாவை உக்கார வைக்கத் தெரியலேன்னா, ஆளுறவங்களைக் காதைப் பிடிச்சு இழுத்து வெளிய விட வேண்டாமா?"

"மெதுவாப் பேசு. நான் போலீஸ் இலாகா."

"அப்போ எழுதிக்கோங்க!"

மாலையில் சைக்கிள்கடை கவர்னரைக் காற்றுப்போன டியூப் என்று சொல்லி முடித்த நிமிஷம், வானம் பொத்துக்கொண்டது. முதல் துளியிலேயே விளக்குச் சிம்னி படக்கென்று வெடித்தது. இருட்டு, கூச்சல், மேலெல்லாம் தண்ணீர். பென்சில் நோட்டைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மேஜைக்கடியில் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் கழித்து யாரோ வேறு விளக்கு கொண்டுவந்தபோது, மேடையில் சைக்கிள்கடை, "ஆகவே, தோழர்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதனால் 'ஆகவே' என்பது மழைக்குத்தான் வெளிச்சம்.

இரவு வீட்டில் நகல் எடுக்கும்போது அந்த இடத்துக்கு வந்து நின்றார். நோட்டில் அரைப் பக்கம் வெறும் ஈரக்கறை. 'விட்டுப்போயிற்று' என்று எழுதினால் இன்ஸ்பெக்டருக்கு ஆகாது. இவருக்கு முன்னால் இருந்தவர் அப்படி இரண்டு தடவை எழுதி, தூங்கிவிட்டார் என்று பெயர் வாங்கி, மலைக்காட்டு ஸ்டேஷனுக்கு மாற்றலாகிப் போனார். பென்சில் பென்சிலைக் கடித்தார். காலையில் கேட்ட பேச்சு காதில் சூடாக இருந்தது. எழுதினார்:

'நம் கையில் ஆட்சி வரட்டும். வந்த முப்பதாம் நாள் பெரியாஸ்பத்திரியில் பெண்களுக்கென்று ஒரு டாக்டரம்மாளை உட்கார வைக்காவிட்டால், என்னைக் காதைப் பிடித்து இழுத்து வெளியே விடுங்கள்.'

அதற்குப் பிறகு 'ஆகவே, தோழர்களே' கச்சிதமாகப் பொருந்தியது.

காற்றுப்போன டியூபுக்காக வழக்குப் போட்டார்கள். சர்க்கார் வக்கீல் சீமையில் படித்தவர். முழுப் பேச்சையும் கோர்ட்டில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். டாக்டரம்மாள் வரிகள் வந்தபோது கூண்டில் நின்ற சைக்கிள்கடை சட்டென்று தலையைத் தூக்கிப் பென்சிலைப் பார்த்தார். பென்சில் நோட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். ஆனால் சைக்கிள்கடை அதை மறுக்கவில்லை. 'இது அவர் பேசியதன் சரியான நகல்' என்று பென்சில் சத்தியம் செய்தார். ஆறு மாதம் தீர்ப்பாயிற்று.

பிறகு தேர்தல் வந்தது. பிரசாரம் நடந்த மூன்று மாதமும் பென்சிலை வேறு ஜில்லாவுக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் உலகம் தலைகீழாக நின்றது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் வைத்திருந்த ஓட்டுப்பெட்டிகளில், சைக்கிள்கடையின் பெட்டி வாய் வரைக்கும் நிறைந்துவிட்டது. அவர் சுகாதார மந்திரி. அவரைப் பிடித்துக்கொண்டு போன அதே இன்ஸ்பெக்டர் அவர் காரின் கதவைத் திறந்துவிட்டார். சீமை வக்கீல் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார்.

மந்திரிசபை ஏறி நாற்பத்து மூன்றாம் நாள் மாலைப் பத்திரிகையைப் பென்சிலின் மனைவிதான் முதலில் பிரித்தாள்.

"என்னங்க, இதைக் கேளுங்க. அந்தச் சீமை வக்கீல் சட்டசபையில கேட்டிருக்காரு. 'மந்திரியவர்கள் முப்பது நாளில் டாக்டரம்மாள் என்று வாக்களித்தார்கள். கோர்ட்டில் நானே வாசித்த ஆவணம் இதோ. இன்று நாற்பத்து மூன்றாம் நாள். மந்திரியின் காதை இழுக்கும் உரிமை சபாநாயகருக்கா, ஒவ்வொரு அங்கத்தினருக்குமா?' சபையில் நீண்ட சிரிப்புன்னு போட்டிருக்கு." பத்திரிகையைத் தாழ்த்தினாள். "ஏங்க, இது நான் சொன்னது மாதிரியே இருக்கே!"

பென்சில் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். வைத்த விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அய்யோ! நான் சட்டசபையில பேசியிருக்கேனா?"

"நீ பேசினே, அவரு உள்ளே போனாரு, நான் சத்தியம் பண்ணினேன். மேல படி."

மேலே இருந்தது இன்னும் மோசம். போலீஸ் சுருக்கெழுத்தின் அசல் நோட்டைச் சபையின் மேஜையில் வைக்க வேண்டும் என்று சீமை வக்கீல் கேட்டிருந்தார். மந்திரி நாளைக்குப் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

பென்சில் சட்டையை மாட்டுவதற்குள் இன்ஸ்பெக்டரின் ஆள் வாசலில் நின்றான். மந்திரி கூப்பிடுகிறார், நோட்டோடு வர வேண்டும்.

"பொய்க்கணக்கு எழுதின மாதிரி முகத்தை வச்சுக்காதீங்க" என்றாள் மனைவி. "வாசிக்கச் சொன்னா அந்த மூணு வரியையும் கடகடன்னு வாசிச்சுட்டு வாங்க. உங்க கொக்கியும் கோடும் யாருக்குப் புரியப்போகுது? நீங்க உளறினா உத்தியோகமும் போகும், டாக்டரம்மாவும் வரமாட்டா."

வழி நெடுக அது நியாயமாகத்தான் பட்டது. ஆபீஸ் படியேறி, ஈரக்கறை படிந்த அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு மந்திரியின் அறைக்குள் நுழைகிற வரைக்கும் நியாயமாகவே பட்டது.

அறை பெரியது. நாற்காலி அதைவிடப் பெரியது. சைக்கிள்கடை அதில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். கதர்ச் சட்டை வெள்ளை வெளேர். நக இடுக்கில் மட்டும் கிரீஸ் கறுப்பு இன்னும் போகவில்லை.

"வாங்க பென்சில் சார், உக்காருங்க. நீங்க உக்கார்ந்தும் நான் நின்னும்தானே நமக்குப் பழக்கம்" என்று எழுந்துகொண்டார். "ஒரு சங்கடம். டாக்டரம்மா உத்தியோகத்துக்கு நான் வந்த மூணாம் நாளே காகிதம் எழுதிட்டேன். செக்ரட்டரி துரை, இதுக்கு என்ன அவசரம், என்ன ஆதாரம்னு மூணு தடவை திருப்பி அனுப்பிட்டார். அந்த வக்கீல் நோட்டைக் கேக்குறது எனக்கு நல்லதாப்போச்சு. உங்க நோட்டுதான் ஆதாரம். நீங்க எழுதின எழுத்தால ஆறு மாசம் கம்பிக்குப் பின்னாடி இருந்தேன். ஆனாலும் யாரு கேட்டாலும் சொல்லுவேன், பென்சில் ஒரு எழுத்துக் கூட்டினதில்லை, ஒரு எழுத்துக் குறைச்சதில்லைன்னு. அந்த இடத்தை வாசிங்க."

கோபித்துக்கொண்டிருந்தால் பென்சில் வாசித்திருப்பார். மிரட்டியிருந்தாலும் வாசித்திருப்பார். இந்தப் புகழ்ச்சியைக் கேட்டபிறகு வாசிக்க முடியவில்லை.

"இங்க ஒண்ணும் எழுதலீங்க ஐயா" என்றார்.

"என்னது?"

"மழை பெஞ்சுதுங்க. விளக்கு வெடிச்சுது. நான் மேஜைக்கடியில இருந்தேன். நீங்க என்ன பேசினீங்கன்னு எனக்குத் தெரியாது. அந்த மூணு வரியும் நானா எழுதினது. நானும் இல்ல, என் வீட்டுல சொன்னது." நோட்டை விரித்து மேஜைமேல் வைத்தார். "சத்தியம் பண்ணினது தப்புங்க ஐயா. என்ன தண்டனையோ குடுங்க."

மந்திரி வெறும் பக்கத்தைக் குனிந்து பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. பெரிய நாற்காலியில் பொத்தென்று விழுந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"நான் அப்போ என்ன பேசினேன் தெரியுமா பென்சில் சார்? ஒண்ணுமே பேசலை! வழுக்கி, ஒரு செருப்பு மேடைக்குப் பின்னாடி விழுந்துடுச்சு. அஞ்சு நிமிஷமும் அதைத்தான் தேடிட்டிருந்தேன். கிடைச்சதும் வந்து 'ஆகவே'ன்னு ஆரம்பிச்சேன்."

"கோர்ட்டுல என்னைப் பாத்தீங்களே?"

"ஆமா. அந்த வக்கீல் வாசிக்கிறாரு, நான் கேக்குறேன். மழைக்கு முன்னாடியோ பின்னாடியோ சொல்லியிருப்பேன்னு நினைச்சேன். அடடா, இவ்வளவு நல்லாவா பேசியிருக்கோம்னு எனக்கே ஆச்சரியம்! ஜெயில்ல ஆறு மாசமும் அதை உருப்போட்டேன். வெளியே வந்து ஆத்துக்கு அந்தப் பக்கம் நாப்பது ஊர்ல சொன்னேன். பொம்பளைங்க கூட்டம் கூட்டமா வந்து ஓட்டுப் போட்டாங்க. மத்ததை எல்லாம் யாரு கேட்டா? அந்தக் காதுக்குத்தான் ஓட்டு!"



"அப்போ... அது நீங்க சொன்னதுங்களா, சொல்லாததுங்களா?"

"முதல்ல உங்க வீட்டம்மா சொன்னாங்க. அப்புறம் நான் நாப்பது தடவை சொன்னேன். நாப்பது பெருசா, ஒண்ணு பெருசா?" மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் முகம் கொஞ்சம் கனத்தது. "ஆனா சத்தியம் பண்ணினது தப்புதான். எனக்குத் தண்டனை வந்தது டியூபுக்காக, அதனால போகட்டும். நாளைக்கு இன்னொருத்தன் தலையில நீங்க ஒட்டவச்ச வரி விழுந்தா? அதனால இதுதான் தண்டனை. இனிமே யாரு பேசினாலும், கேட்டதை மட்டும் எழுதணும். கேக்கலேன்னா கேக்கலைன்னு எழுதணும். இன்ஸ்பெக்டர் குதிச்சாலும் சரி."

"சரிங்க ஐயா. நோட்டைச் சபையில..."

"நோட்டு எதுக்கு? சொன்ன ஆளே அங்க நிக்கிறேனே."

மறுநாள் சட்டசபையில் மந்திரி எழுந்தார். கோர்ட்டு ஆவணமும் வேண்டாம், போலீஸ் நோட்டும் வேண்டாம். அந்த வாக்கை ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாற்பது ஊரில் தாமே கொடுத்திருப்பதாகவும், பதினாலு நாள் தாமதமாகிவிட்டது என்றும், காது இதோ இருக்கிறது என்றும் சொல்லி, எதிர்க்கட்சிப் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினார். சீமை வக்கீலே மேஜையைத் தட்டிச் சிரித்துவிட்டார். சபையில் ஒப்புக்கொண்ட வாக்கு என்று ஆனபிறகு செக்ரட்டரி துரையால் காகிதத்தைத் திருப்ப முடியவில்லை. இரண்டு வாரத்தில் டாக்டரம்மாள் வந்து சேர்ந்தாள். திறப்பு விழாவுக்கு ஆஸ்பத்திரி வாசல் கொள்ளாத பெண்கள். முதல் வரிசையில் பென்சிலின் மனைவி, பேச்சு நன்றாக இல்லையென்றால் திருத்தத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

மேடைக்குக் கீழே பென்சில் வழக்கம்போல எழுதினார். மந்திரி வழக்கம்போல ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினார். பென்சிலின் விரல் துடித்தது. ஒரு 'ஆகும்' போட்டால் போதும், எவ்வளவு அழகாக முடியும்! மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் நகலைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னய்யா இது? 'இந்த வாக்கியம் முடியவில்லை.' 'இங்கே ஒரு லாரி போயிற்று. இரண்டு வரி காதில் விழவில்லை.' 'இங்கே மந்திரி என்ன சொல்ல வந்தார் என்பது தெரியவில்லை.' எட்டு வருஷமா எவ்வளவு ஜோரா எழுதிக்கிட்டிருந்தே!"

"அவரு பேசினது அவ்வளவுதான் சார்."

இன்ஸ்பெக்டர் பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தார். மந்திரியின் பேச்சில் எங்கே கோடு போடுவது என்று கொஞ்ச நேரம் தேடினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்த டாக்டரம்மா எத்தனை மணிக்கு வராங்களாம்? எங்க வீட்டுல கேட்டுட்டு வரச் சொன்னா" என்றார்.