விருப்பப் பாடம்

கலைப்பிரிவுக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையை அந்த வருடம்தான் காலி செய்து வெள்ளையடித்தார்கள். கதவில் ‘பாட ஆலோசகர்’ என்று புதுப் பலகை ஏறியது. முதல் வருடம் முடிக்கிறவர்கள் அடுத்த வருடத்துக்கு ஒரு முதன்மைப் பாடமும் இரண்டு துணைப் பாடங்களும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன் ஆலோசகரைப் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டும் என்பது புது விதி. பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும், மனுஷன் தங்கம் என்றார்கள்.

வீட்டில் சிட்டு என்று கூப்பிடப்பட்ட பெண்ணுக்கு ஆலோசனை எதுவும் தேவைப்படவில்லை. வரலாறுதான் என்று அவள் எப்போதோ முடிவு கட்டியிருந்தாள். வீட்டில்தான் இன்னும் யாருக்கும் அது செரிக்கவில்லை.

“வரலாறு படிச்சுட்டு என்ன பண்ணுவே? செத்துப்போன ராஜா எழுந்து வந்து உனக்கு வேலை போட்டுக் கொடுப்பானா?” என்றார் அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். விரலிடுக்கில் ஏறிய கிரீஸ் கறை எந்த சோப்புக்கும் போனதில்லை.

“பொருளாதாரம் எடுடி. எங்க கடை முதலாளியோட பையன் அதைத்தான் படிச்சான்” என்றாள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அம்மா.

“அவன் படிச்சு வந்த பிறகுதாம்மா உங்க கடை இழுத்து மூடற நிலைமைக்கு வந்துச்சு” என்றான் அண்ணன். அம்மா உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பேச்சு அதோடு முடிந்தது. அப்பா கையைக் கழுவிக்கொண்டே, “சரி, என்னமோ எடு. நாளைக்கு என்னைக் குறை சொல்லக்கூடாது” என்றார். அவர் சம்மதம் எப்போதும் அப்படித்தான் வரும்.

சிட்டு பாத்திரம் கழுவும்போது அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான். தொலைபேசி அலுவலகத்தில் வேலை செய்கிறவன், வீட்டிலேயே வாயாடி. அவன் குரலைத் தணித்துப் பேசி அவள் கேட்டதேயில்லை.

“அந்த ஆலோசகர்கிட்ட கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சரியா?”

“ஏண்ணா?”

“எங்க ஆபீஸ்லயும் புதுசா ஒருத்தர் வந்திருக்கார். வேலை பிடிச்சிருக்கா, யாரோட சாப்பிடறே, என்ன பேசிக்கறீங்கன்னு கேக்கறதுதான் அவர் வேலை. ரொம்ப நல்லவர்.” அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை அவன் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஆலோசகருக்கு உருண்டை முகம், கல்யாண வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பரிமாறச் சொல்லும் பெரியப்பா போன்ற குரல். மேசை மேல் காகிதம் இல்லை, சட்டைப்பையில் பேனா இல்லை. பிளாஸ்கிலிருந்து அவரே டீ ஊற்றிக் கொடுத்தார்.

“என்னம்மா எடுக்கப்போறே?”

“வரலாறு சார்.”

“அடேங்கப்பா. எல்லாரும் அதைக் கண்டா ஓடறாங்க. உனக்கு எப்படிம்மா வந்துச்சு இந்த ஆசை?”

அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் கேட்டதற்குத்தானே பதில் சொல்கிறோம் என்று இருந்தது அவளுக்கு. அதோடு, அவளுடைய ஆசையைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லோரும் அதிலிருந்து அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள்.

ஆகவே அவள் ‘ஏன் மேடம்’ பற்றிச் சொன்னாள். வரலாற்றுப் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் அது. என்ன பதில் சொன்னாலும் “ஏன்?” என்பார். அதற்கும் பதில் சொன்னால் இன்னொரு “ஏன்?”

“துறைமுகக் கிடங்குல தீப்பிடிச்சு அத்தனை பேர் செத்தாங்கல்ல சார், அதைப் பாடப்புத்தகத்துல ஒரே வரியில முடிச்சுட்டாங்க. கவனக்குறைவால நடந்த விபத்துன்னு. மேடம் அதைப் படிச்சுட்டுப் புத்தகத்தை மூடி வெச்சாங்க. ‘கதவு வெளியில பூட்டியிருந்துச்சு. சாவி யார்கிட்ட இருந்துச்சு?’ன்னு கேட்டாங்க. வகுப்பே மூச்சு விடலை. அன்னிக்குத்தான் சார் நான் முடிவு பண்ணேன்.”

“அப்படியேவா கேட்டாங்க?”

“அதே வார்த்தை சார்.”

“நல்ல ஞாபகசக்திம்மா உனக்கு” என்று அவர் ஆசையோடு சிரித்தார். “வரலாறு உனக்குப் பொருத்தம்தான்.”

அவள் கால் தரையில் பாவாமல் வெளியே வந்தாள். வரிசையில் நின்றிருந்த தோழி நெட்டையிடம், “பயப்படாதே, நம்ம வீட்டு மனுஷங்க மாதிரி பேசறார்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் ஏன் மேடம் வகுப்புக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. துறை அலுவலகத்தில் கேட்டதற்கு எழுத்தர் தலையைத் தூக்காமல் “விடுப்பு” என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். வெளியே காற்றே இல்லை.

மேடத்தின் அறைக் கதவில் பெயர்ப்பலகையைக் கழற்றியிருந்தார்கள். அது இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் பளிச்சென்று இருந்தது. அந்த நீள்சதுரத்தைப் பார்த்துக்கொண்டே நெட்டை கேட்டாள்: “அந்தச் சாவி விஷயத்தை நீ யார்கிட்டயாவது சொன்னியா?”

“நான் மேடத்தைப் பாராட்டித்தாண்டி பேசினேன்.”

மதியம் சாப்பிடும்போது நெட்டை வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் வகுப்பு விட்டதும் சிட்டு மேடத்தின் வீட்டைத் தேடிப் போனாள். மூன்று மாடிக் குடியிருப்பு. படிக்கட்டில் வெங்காயம் வதக்கும் வாசனை. எந்த வீட்டிலோ குழந்தை வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் படியேறி வரவும் மெல்லச் சாத்திக்கொண்டது.

மணியடித்தபின் வெகுநேரம் கழித்து மேடமே வந்தார். சங்கிலியை எடுக்காமல் கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்தார். தலை வாரியிருக்கவில்லை. பின்னால் புத்தக அலமாரிகள் காலியாக நின்றன.

“நீயா” என்றார்.

“மேடம், நான் தப்பா எதுவும் சொல்லலை. உங்களாலதான் வரலாறு எடுக்கறேன்னுதான்…”

“தெரியும். விசாரணையில என் முன்னாலதான் வாசிச்சாங்க. நீ சொன்னது ஒரு எழுத்து விடாம.” மேடத்தின் குரலில் கோபம் இல்லை; அதுதான் தாங்க முடியவில்லை. “இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி யாரும் அவ்வளவு நல்லதாப் பேசினதில்லை. கேக்கக் கேக்கச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. முட்டாள் மாதிரி அழுதுட்டேன்.”

“நான் போய், நான் சொன்னது பொய்னு சொல்லிடறேன் மேடம்.”

“போகாதே! அடுத்து உன்கிட்ட யார் சொல்லச் சொன்னாங்கன்னு கேப்பாங்க.” கீழே யாரோ படியேறும் சத்தம் கேட்டது. மேடத்தின் முகம் மாறியது. அந்த முகத்தில் அவள் பயத்தைப் பார்த்தது அதுவே முதல்முறை. “இங்க வராதே இனிமே. நல்லா இரு.” கதவு மூடிக்கொண்டது. படியேறி வந்தவர் பால் பாக்கெட்டோடு அவளைத் தாண்டி மேலே போனார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் மட்டும் சொன்னாள். அவன் திட்டவில்லை. “அப்பா அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்” என்று மட்டும் சொன்னான். பிறகு, “நானும் ஆபீஸ்ல ஒருத்தரைப் பத்தி நல்லதாச் சொல்லிட்டேன்” என்றான்.

பாடத்தை உறுதி செய்ய மறுபடி ஆலோசகரிடம் போக வேண்டியிருந்தது. இந்தத் தடவை அவள் எதையும் குடிக்கவில்லை.

“வரலாறுதானே?” என்றார் அவர், பதில் ஏற்கெனவே தெரிந்தவர்போல. “அவசியம் எடும்மா. உன்னை மாதிரி காது கொடுத்துக் கேக்கற பிள்ளைங்க அந்தத் துறைக்கு வேணும். அங்க இன்னும் ரெண்டு மூணு ஆசிரியர் இருக்காங்க. மாசம் ஒருதடவை வந்து, பாடம் எப்படிப் போகுதுன்னு சொல்லிட்டுப் போ. அவ்வளவுதான்.”

வீட்டில் அவள் விட மாட்டேன் என்று அடம்பிடித்த பாடத்தை, அவரே கையில் வைத்து நீட்டினார்.

“புவியியல் எடுக்கறேன் சார்.”

அவர் புருவம்கூட அசையவில்லை. “தாராளமா. அங்கயும் ஒருத்தர் ரொம்ப நல்லா நடத்தறார்னு கேள்வி. மாசம் ஒருதடவை வந்து சொல்லு.”

புவியியல் ஆசிரியர் உண்மையிலேயே நன்றாக நடத்தினார். ஆற்றின் போக்கை யார் எதற்காக மாற்றினார்கள், எந்தக் கிராமங்கள் மூழ்கின என்று கரும்பலகையில் வரைந்து காட்டும்போது அவளுக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொள்ளும். உடனே தலையைக் குனிந்துகொள்வாள். மாதாமாதம் ஆலோசகரிடம் போய், “போர் அடிக்குது சார். புத்தகத்தைப் பார்த்து அப்படியே வாசிக்கறார்” என்பாள். ஆசிரியர் ஒருநாள் வகுப்பு முடிந்து அவளைத் தனியே கூப்பிட்டு, “என் பாடம் உனக்குப் பிடிக்கலையாம்மா? கொட்டாவி விட்டுட்டே இருக்கியே” என்றார். முகம் வாடியிருந்தது. “ஆமா சார்” என்றாள். அவர் தலையாட்டிவிட்டுக் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார். கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆனால் அவர் வேலையில் இருந்தார். அவர் கதவில் பலகை இருந்தது. அவளுக்கு அது போதும் என்று இருந்தது.

அடுத்த வருடம் புதிய மாணவர்கள் ஆலோசகரின் அறைக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். ஒரு சின்னப் பெண், உள்ளே என்ன சொல்ல வேண்டும் என்று உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். சிட்டுவால் தாண்டிப் போக முடியவில்லை.

“என்ன எடுக்கப்போறே?” என்றாள்.

“தத்துவம்க்கா! எங்க சார் சூப்பரா…”

“அதை உள்ள சொல்லாதே.” சுற்றிலும் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தாள். “எந்த வாத்தியாரையும் பாராட்டாதே. எதுவும் பிடிக்கலைன்னு சொல்லிட்டு வந்துடு. நான் ஏன் சொல்றேன்னு கேக்காதே.”

அந்தப் பெண் விழித்தாள். கதவு திறந்தது, பேரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போகும்போது ஒருமுறை திரும்பிச் சிட்டுவைப் பார்த்தாள். நன்றியா, குழப்பமா, முகத்தை மனதில் பதிய வைத்துக்கொள்கிறாளா என்று தெரியவில்லை.

அந்த மாதம் சிட்டு போனபோது ஆலோசகர் எழுந்து வந்து வரவேற்றார். அதுவரை அவர் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

“வாம்மா. புதுப் பிள்ளைங்களுக்கெல்லாம் நீயே நல்ல யோசனை சொல்றியாமே” என்றார், அதே பெரியப்பா குரலில். “அந்தப் பொண்ணுக்கும் உன்னை மாதிரியே நல்ல ஞாபகசக்தி.”

அவளை உட்காரச் சொன்னார். பிறகு அவளைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.