கண் பழகும் நேரம்

கணக்கு விரிவுரையாளர் காசிலிங்கத்துக்கு நாலு மாதமாகச் சோறு இறங்கவில்லை. அதே கல்லூரியில் விலங்கியல் நடத்தும் தேவநாதன், கண்ணுக்கு ஒரு சமன்பாடு போட்டுவிட்டார். அதுதான் வியாதி.

விழித்திரைச் செல்லின் மேல் வெளிச்சம் விழுந்தால் அது எவ்வளவு பதில் சொல்லும் என்பதற்கு ஒற்றை வரிக் கணக்கு. வெளிச்சம் கூடக்கூடப் பதிலும் கூடும். ஓர் எல்லைக்குப் பிறகு சூரியனையே கொண்டுவந்து வைத்தாலும் கூடாது. அவ்வளவுதான். அதற்கு 1977ஆம் வருடத்துக் கல்கத்தா மாநாட்டில் பேச அழைப்பு! தவளை அறுக்கிற ஆளுக்குக் கணக்குக்காக அழைப்பு!

அந்தச் சமன்பாட்டில் நேரம் என்பதே இல்லை. வெளிச்சத்தில் அயர்ந்துபோன செல் தேறிவரச் சற்றுப் பொழுது வேண்டும். காசிலிங்கம் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார். தனியாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனிதர் திருத்திக்கொண்டு போய்விடுவாரே. ஊர் முன்னால் போட்டு உடைத்தால்தான் கல்கத்தாப் பயணம் நிற்கும். ஒருவேளை அழைப்பு இந்தப் பக்கம் திரும்பினாலும் திரும்பும்.

மரக்காணத்து உப்பள முதலாளி ஆதிமூலம், சொந்த ஊர்க்காரரான தேவநாதனுக்குப் பாராட்டு விழா வைத்தார். பங்குனி வெயில். பாத்திகளில் வாரிக் குவித்த உப்பு கண்ணைப் பிடுங்கியது. விழா, ஜன்னலே இல்லாத உப்புக் கொட்டகைக்குள். காசிலிங்கம் முன்னதாகவே வந்து, விழா நாயகருக்கு அடுத்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

காலையிலிருந்து பாத்தி வரப்பில் நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்த ஆதிமூலம், வெயிலிலிருந்து நேராக உள்ளே நுழைந்தார்.

“கொஞ்சம் நில்லுங்க முதலாளி, கண்ணு பழகட்டும்,” என்றது ஒரு குரல்.

“புதன்கிழமைய்யா இன்னிக்கு! பன்னண்டுக்கு ராகுகாலம் பொறந்துடும்,” என்றபடி தடவித் தடவி வந்து பொன்னாடையை விரித்தார். “நம்ம ஊரு சிங்கம்!” என்று போர்த்தினார், காசிலிங்கத்துக்கு.

“முதலாளி, சிங்கம் பக்கத்து சேர்ல குந்தியிருக்குது!” என்றது அதே குரல்.

கொட்டகை சிரித்தது. காசிலிங்கம் எழுந்தார். பொன்னாடை தோளில் நன்றாகத்தான் இருந்தது.

“சிரிக்காதீங்க! இதுதான் சாட்சி. தேவநாதன் ஈக்வேஷன்ல டைமே கிடையாது. அதும்படி பாத்தா முதலாளிக்கு உள்ள வந்த ஒடனே மூஞ்சி தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சுதுங்களா?”

“எங்கப்பா தெரிஞ்சுது?” என்றார் ஆதிமூலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு. “நீ யாருன்னு இன்னமும் தெரியல.”

தேவநாதனின் முகம் செத்தது. நாலு மாதத்தில் முதல் தடவையாகக் காசிலிங்கத்துக்குப் பசித்தது. அதோடு உட்கார்ந்திருக்கலாம். கணக்கு வாத்தியாருக்கு விடை சொல்லாமல் உட்கார வருமா? கரித்துண்டால் சுவரில் எழுதியே காட்டினார்: “இந்த ஒண்ண சேத்துட்டா போதும், சரியாயிடும்!”

தேவநாதன் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

“காசி! கல்கத்தாவுல எவனாவது இதக் கேட்டிருந்தா மானம் போயிருக்கும்பா. ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடு, அப்படியே படிச்சிடறேன்.”

ஒரே கைதட்டல். அதற்குள் ஆதிமூலத்துக்குக் கண் பழகிவிட்டது. காசிலிங்கத்தின் தோளிலிருந்து பொன்னாடையை உருவி, உரியவருக்குப் போர்த்தினார்.

காகிதத்தில் எழுதும்போது, ஒரு கழித்தல் குறியைக் கூட்டலாக்கினால் போதுமே, கல்கத்தாவில் அந்த மானம் போய்விடுமே என்று தோன்றியது. ஆக்கியும் பார்த்தார். அசிங்கமாக இருந்தது. தான் பெற்ற சமன்பாடாயிற்றே! அடித்துவிட்டுச் சரியாகவே எழுதி, கீழே தன் பெயரைப் போட்டார்.

“பேரு எதுக்குப்பா? நான் மறந்துடுவனா?” என்று தேவநாதன் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

தேவநாதன் போவதைக்கூட மன்னித்துவிடலாம். தான் பெற்ற சமன்பாடும் அல்லவா தன்னை விட்டுவிட்டுக் கல்கத்தா பார்க்கப் போகிறது!