காய்ச்சல் கிளம்பும் தேதி

எங்கள் அபார்ட்மென்ட்டில் காய்ச்சல்கள் அசோசியேஷனின் ஆன்லைன் லிஸ்ட்டைப் பார்த்துத்தான் வந்துபோகின்றன. வந்த தேதியை நாம் போட வேண்டும். அதோடு மூன்று நாளைக் கூட்டி, கிளம்பும் தேதியை லிஸ்ட்டே போட்டுக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் யாரும் கைவைக்க முடியாது. இதுவரை எந்தக் காய்ச்சலும் ஒரு நாள் கூடுதலாகத் தங்கியதில்லை.

என் மகள் ஜோவிட்டா கைக்குழந்தை. அவளுக்கு முதல் காய்ச்சல். தெர்மாமீட்டரைப் பார்த்ததுமே லிஸ்ட்டைத் திறந்தேன். கான்வென்ட்டில் சிஸ்டர் பழக்கியபடி நாளை முன்னால், மாதத்தைப் பின்னால் போட்டேன். லிஸ்ட் மாதத்தைத்தான் முன்னால் படிக்கும். மார்ச் ஏழை ஜூலை மூன்று என்று எடுத்துக்கொண்டது. குழந்தையின் உடம்பு அப்போதே குளிர்ந்துவிட்டது. இன்னும் வராத காய்ச்சல் எப்படிச் சுடும்?

"அதான் ஜூலை வரைக்கும் ஃப்ரீயாச்சே, போய்த் தூங்கு" என்றார் என் கணவர் ரெக்ஸ். சொன்னவர் குறட்டையும் விட ஆரம்பித்தார்.

ஜூலையில் அம்மா ஊரில் இருக்கமாட்டாள். நவம்பருக்குத் தள்ளினேன். நவம்பரில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும். பிப்ரவரிக்குத் தள்ளினேன். பிப்ரவரியில் ஒரு குறையும் கிடைக்கவில்லை, ஆனாலும் பயமாக இருந்தது. குழந்தைக்கு அறுபது வயதாகும் வருஷத்தைப் போட்டேன். அப்போது பக்கத்தில் நான் இருக்கமாட்டேனே என்று அழுகை வந்தது.

மறுநாள் லிஸ்ட்டைப் பார்த்துக்கொள்ளும் செக்ரட்டரி வைதேகி மேடமே போன் செய்தார். காய்ச்சல் போவதா இருப்பதா என்று தெரியாமல் கேட்டிலேயே நிற்கிறதாம். பாவம் பார்த்து வாட்ச்மேன் சேர் போட்டிருக்கிறாராம்.

"ஒண்ணு, உள்ள கூப்பிடும்மா. இல்ல, தேதியை அழிச்சிட்டுக் காலியா விடு. காலியா இருந்தா ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தி ஒன்பது, டிசம்பர்னு லிஸ்ட் எடுத்துக்கும். அப்பவே வந்து, அப்பவே போயிட்டதா ஆயிடும்."

"அப்ப குழந்தையை யார் பார்த்துக்கிட்டாங்க மேடம்?"

"அதுக்கு லிஸ்ட்ல கட்டம் இல்லம்மா."

தேதியை அழித்தேன். சேர் காலியாகிவிட்டது என்று வாட்ச்மேன் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கைக்குழந்தை, தெரியாத வருஷம், யார் மடியில் கிடந்தாளோ. உட்கார்ந்தால் அதே நினைப்பு, எழுந்தால் அதே நினைப்பு.

காலையில் வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டார். டாக்டர் குதிரை வண்டியில் வந்திருக்கிறார், வண்டியை விசிட்டர் பார்க்கிங்கில் விடலாமா என்று கேட்டார். விடச் சொன்னேன்.

தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக ஒருவர் லிஃப்டிலிருந்து இறங்கி வந்தார். காய்ச்சல் விட்ட குழந்தையை ஒரு நடை பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். புது முகத்தைக் கண்டாலே வீறிடுகிற ஜோவிட்டா, கையை நீட்டிக்கொண்டு அவரிடம் தாவினாள். அவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூணு ராத்திரியும் மடியை விட்டு இறக்காம உட்கார்ந்திருந்தீங்களே அம்மா. அதுக்கப்புறமாவது தூங்கினீங்களா?"

"இன்னும் இல்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு, அவருக்குக் காபியும் குதிரைக்கு ஒரு கட்டு கீரையும் எடுக்கப் போனேன்.